ஒரு டேப், நான்கு ஸ்பேஸ்

ஜூன் 3, செவ்வாய்

ரத்த அழுத்தம் 150/96. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தைக் குறைக்கச் சொன்னார். உப்பைக் குறைத்துவிடலாம். பிறகு டிராயரிலிருந்து மருந்துக் கம்பெனி டைரி ஒன்றை எடுத்து நீட்டி, "பிலோமினா, தினமும் நன்றி சொல்ற மாதிரி ஒரு விஷயமாவது இதுல எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். சரி. பதினோரு நாள் கழித்து இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்டார்கள். கோயம்புத்தூர் மாநகராட்சிக்கு நன்றி.

ஆபீசில் புது வேலை வந்திருக்கிறது. நாங்கள் ஒன்பது பேர். கோழி ஹேச்சரிகளில் முட்டையை வைத்துக் குஞ்சாக்கும் இயந்திரங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும். ஹேச்சரி ஆபரேட்டர்கள் அதைத் திறந்து கையால் தட்டி மாற்றுவார்கள். அதை வரி வரியாகப் படித்து இயந்திரத்துக்குச் சொல்லும் பகுதிக்குப் பெயர் பார்சர்.

முதலாளி நவநீதன் என்னைவிட எட்டு வயது சின்னவர். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "அக்கா, புதுசா நம்ம சாஃப்ட்வேர் வாங்க வர்ற கம்பெனிக்காரங்க ஃபைலையெல்லாம் பாத்துட்டு, என்னங்க இது, ஆளாளுக்கு ஒரு மாதிரி எடம் விட்டு எழுதியிருக்காங்க, பார்சர் ஒண்ணுமே கேக்காதான்னாங்க. கறாராக்கணும். உங்க பார்சர்தானே, நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க. ஜூலை பத்துக்குள்ள."

எங்கள் ஃபைலில் ஓரத்தில் விடும் இடம்தான் எல்லாம். 'இயந்திரம் 6' என்று ஓரத்தில் எழுதி, அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி 'ஈரம்' என்று எழுதினால் அந்த ஈரம் ஆறாம் இயந்திரத்துக்குச் சொந்தம். இன்னும் உள்ளே தள்ளினால் வேறொன்றுக்குச் சொந்தம். அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. வெற்றிடம்தான் உறவுமுறை சொல்லும்.

ஜூன் 4, புதன்

என் வீட்டுக்காரர் லூர்துராஜ் உப்புக் குறைத்து ரசம் வைத்தார். குடிக்க முடிந்தது. நன்றி.

ஜூன் 6, வெள்ளி

இந்தப் பார்சரை எழுதி எட்டு வருடமாகிறது. எழுதியவருக்கு இளகிய மனசு போலிருக்கிறது. ஆபரேட்டர்கள் பாவம், ஓரிடம் கூடக்குறைய விட்டதற்காக மெஷினை நிறுத்துவதா என்று நினைத்திருக்கிறார். எப்படி எழுதினாலும் எதிர்த்துக் கேட்காமல், 'இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று பார்சரே ஊகித்துக்கொள்ளும்படி செய்துவைத்திருக்கிறார்.

உள்ளே தள்ள இரண்டு வழி உண்டு. ஸ்பேஸ் கட்டையை நான்கு முறை தட்டலாம். அல்லது டேப் கட்டையை ஒரே முறை தட்டலாம், ஒரு தாவலில் போய்விடும். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஃபைலுக்குள் இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒரே ஃபைலில் கலந்துவிட்டால், ஒரு டேப்புக்கு எத்தனை ஸ்பேஸ் என்று யாராவது முடிவுசெய்தாக வேண்டும். எழுதியவர் எட்டு என்று முடிவுசெய்திருக்கிறார். ஹேச்சரிகளில் ஃபைலைத் திறந்து தட்டும் எடிட்டரோ டேப்பை நான்கு இடமாகக் காட்டும். ஏன் எட்டு என்று குறிப்பு எதுவும் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை.

புது விதி: இனி டேப் கட்டைக்கே தடை. நான்கு ஸ்பேஸ், அவ்வளவுதான். மீறினால் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடும். சாயங்காலம் மழை பெய்து தெருவெல்லாம் குளிர்ந்துவிட்டது. மழைக்கு நன்றி.

ஜூன் 9, திங்கள்

எங்களிடமுள்ள முப்பத்துநான்கு ஹேச்சரிகளின் ஃபைல்களையும் வாங்கிப் புதுப் பார்சரில் ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று ஃபெயில்.

"மூணாச்சும் பாஸாச்சே" என்றார் நவநீதன்.

"அந்த மூணும் இன்னும் முட்டையே வெக்காத புது எடமுங்க, ஃபைலைத் தொட்டதே இல்லை. நாம குடுத்தபடியே இருக்குது."

தொட்டவர்கள் எல்லோரும் டேப்பைக் கலந்திருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த வரிகள் ஸ்பேஸில் இருக்கின்றன, அவர்கள் சேர்த்த வரிகள் டேப்பில். டேப் கட்டையின் மேல் இவர்களுக்கு அப்படி என்ன பாசமோ. விசைப்பலகையிலேயே பெரிய கட்டை ஸ்பேஸ். அதை விட்டுவிட்டு ஓரத்தில் ஒளிந்திருப்பதைத் தேடிப்போய்த் தட்டுகிறார்கள். அலட்சியம்தான், வேறென்ன.

பெதப்பம்பட்டி ஃபைல் மட்டும் முதல் வரியிலேயே விழுந்தது. திறந்து பார்த்தால் நட்டநடுவில், முப்பது ஸ்பேஸ் தள்ளி, பிள்ளையார் சுழி. பழைய பார்சர் இத்தனை வருடமாக அதைப் பார்த்தும் பாராமல் போயிருக்கிறது. புதியது, 'நான்கு இடம் விடச் சொன்னால் முப்பதா' என்று அங்கேயே நின்றுகொண்டு மீதி இருநூறு வரியையும் படிக்கவே மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். தனியாக நிற்கும் உ-வுக்கு மட்டும் விலக்கு எழுதிவிட்டேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் பிள்ளையாருக்கு வழிவிட்டதை ஃபாதரிடம் சொல்ல வேண்டியதில்லை. பெதப்பம்பட்டி ஆபரேட்டர் யாரோ, அவருக்கு நன்றி.

ஜூன் 12, வியாழன்

ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, டேப் எங்கே விழுந்திருக்கிறது, பழைய பார்சர் அதை எப்படிப் படித்தது என்று பட்டியல் போடுகிறேன். பெரும்பாலும் பாதகமில்லை. சில இடங்களில் அலாரம் போகவேண்டிய போன் நம்பர் மட்டும் மாறிப் படிக்கப்பட்டிருக்கிறது.

இன்று வந்தது செங்காட்டுப் பண்ணையின் ஃபைல். போன அக்டோபரில் அங்கே ஆறாம் இயந்திரத்தில் பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டை வெந்துபோனது. பதினைந்தாம் நாளுக்குமேல் கருவே சூடு விடத் தொடங்கும் என்பதால் இயந்திரத்தின் சூட்டைக் குறைக்க வேண்டும். அதற்கு ஃபைலில் 'கடைசி நாள் வெப்பம்' என்று புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இயந்திரம் பழைய சூட்டிலேயே ஓடும். ஓடியது. அலாரமும் அடிக்கவில்லை, ஏனென்றால் சொன்ன சூட்டில்தான் ஓடியது.

ஆபரேட்டர் சென்னியப்பன் வரியைச் சேர்க்க மறந்துவிட்டார் என்று முடிவானது. நாங்களும் ஒரு ரிப்போர்ட் கொடுத்தோம்: சாஃப்ட்வேரில் பிழை இல்லை, ஆறாம் இயந்திரத்துக்குக் கடைசி நாள் வெப்பம் கொடுக்கப்படவில்லை. இயந்திரத்தின் பதிவேட்டைப் பார்த்து எழுதிய ரிப்போர்ட். கையெழுத்து என்னுடையது. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். போனில் ஒரே ஒருமுறை அவரிடம் பேசியிருக்கிறேன். "நான் போட்டனுங்க மேடம். கண்ணால பாத்துத்தான் போட்டனுங்க" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போதிருக்கிற செங்காட்டு ஃபைலில் விசேஷமாக ஒன்றுமில்லை. விபத்தன்றே மேனேஜர் ஆறாம் இயந்திரத்தின் வரிகளை அழித்துவிட்டு ஐந்தாம் இயந்திரத்தின் வரிகளை ஒட்டியிருக்கிறார். நாளைக்கு அடுத்த ஃபைலைப் பார்க்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

மிளகாய்ப்பொடி அரைத்து வந்தது. தும்மல் இல்லாமல் டப்பாவில் போட்டாயிற்று. நன்றி.

ஜூன் 14, சனி

ஹேச்சரி ஃபைல்கள் எல்லாவற்றையும் தினமும் ஒரு நகல் எடுத்து எங்கள் ஆபீசில் சேமிக்கிறோம். அக்டோபர் நகலும் இருக்கும். இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

காலையில் வாஷிங் மெஷின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். பிறகு ஆபீசுக்குப் போய் மேஜையைத் துடைத்தேன். இரண்டு வருடமாக அழிக்காமலிருந்த மெயில்களை அழித்தேன். பதினொன்றரைக்குத்தான் விபத்துக்கு முந்தின நாளான அக்டோபர் பதினான்காம் தேதி நகலைத் திறந்தேன்.

வரி இருக்கிறது. கடைசி நாள் வெப்பம், 98.8. மாலை நான்கு இருபதுக்குச் சேர்த்திருக்கிறார். மறுநாள் மேனேஜர் அழித்த வரிகளோடு இதுவும் போயிருக்கிறது.

மற்ற வரிகளெல்லாம் ஸ்பேஸில் இருக்கின்றன. இது மட்டும் டேப். இதற்கு நேர் மேலே, எட்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளி, அலாரத்துக்கான வரிகள் முடிகின்றன. அவருடைய திரையில் டேப் நான்கு இடமாகத் தெரிந்திருக்கும். வரி அச்சாக ஆறாம் இயந்திரத்துக்கு நேரே நின்றிருக்கும். பார்சர் அதை எட்டு என்று எடுத்துக்கொண்டு, அலாரத்துக்குச் சொந்தமான வரி என்று ஊகித்து, அலாரத்துக்குச் சூடு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போடாமல் உதவி செய்வதாக நினைப்பு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எட்டு என்று எழுதியவர் அன்றைக்குக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நகல் எட்டு மாதமாக எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ரிப்போர்ட் எழுதியவராவது திறந்து பார்த்திருக்கலாம்.

இன்றைக்கு நன்றி எழுத வரவில்லை.

ஜூன் 18, புதன்

மருந்துக் கடையில் பார்த்தபோது 164/102. லூர்துராஜ் ஒன்றும் கேட்கவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இந்த மனிதர் மில்லில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். கேட்காமலே விஷயத்தைக் கறந்துவிடுவார்.

"அந்தப் பார்சரை எழுதினவரு..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு?"

"எழுதினவரு."

"பிலோ, அதை எழுதறப்ப நீ இந்த மேசையிலதான் உக்காந்து எழுதுன. நான் டீ போட்டுக் குடுத்தேன்."

ஆமாம். எழுதியவர் நான்தான். டேப்புக்கு எட்டு என்று போட்டதும் நான்தான், காரணம் இருந்தது, எனக்கு முன்னால் எல்லோரும் எட்டு என்றுதான் போட்டார்கள். நகலைத் திறந்து பார்க்காமல் ரிப்போர்ட் எழுதியதும் நான்தான். அன்றைக்கு வேலை அதிகம், அதோடு ஆபரேட்டர்தான் மறந்திருப்பார் என்று போனை எடுக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கீரையைத் தட்டில் கொட்டிவிட்டு, "அந்த ஆளு இப்ப எங்க இருக்கறாரு?" என்றார். எட்டு மாதத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றாத கேள்வி. கேட்டதற்கு நன்றி.

ஜூன் 20, வெள்ளி

நவநீதனிடம் சொன்னேன். நகலைக் காட்டினேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அக்கா, இதை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஜூலை பத்துல புதுப் பார்சர் போயிரும். அதுக்கப்பறம் இந்த மாதிரி யாருக்கும் நடக்காது. ஆனைக்கும் அடி சறுக்குங்க்கா. போனது போகட்டுமே."

"போனது முட்டை மட்டும் இல்லீங்களே. விசாரிச்சேன். அந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஹேச்சரியிலயும் அவரைச் சேத்துக்கலையாம். தீவன மில்லுல மூட்டை தூக்கிட்டு இருக்கறாரு. அவரு தப்பு இல்லைன்னு ஒரு லெட்டர் குடுக்கணும். கம்பெனி பேர்ல."

"முப்பத்துநாலு பேரும் கேப்பாங்க. புதுசா வர்றவங்களும் கேப்பாங்க." கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "ரெண்டு நாள் குடுங்க்கா."

மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு நன்றி.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஸ்கூட்டரில் ஒன்றேகால் மணி நேரம், சுல்தான்பேட்டை தாண்டி ஒரு லைன் வீடு. லூர்துராஜ் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, "நீ பேசு, நான் இங்கயே இருக்கறேன்" என்றார்.

சென்னியப்பனுக்கு நாற்பது இருக்கும். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "மேடம் கொரலு தெரியுதுங்க" என்றார். உட்காரச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. அவர் மனைவி கதவருகே நின்றுகொண்டார்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. லேப்டாப்பை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நகலைத் திறந்து, "இது நீங்க போட்டதுங்களா, பாருங்க" என்றேன்.

குனிந்து விரல் வைத்துப் படித்தார். "இயந்திரம் ஆறு. கடைசி நாள் வெப்பம், தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு." தேதியைப் பார்த்தார். மறுபடி வரியைப் பார்த்தார்.

"அப்ப நான் போட்டனுங்களா?"

"போட்டீங்க. சாயங்காலம் நாலு இருவதுக்குப் போட்டிருக்கீங்க."

"நான் போட்டனுங்களா" என்றார் மறுபடியும், மனைவியைப் பார்த்து.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எட்டு மாசமா இவரு கேஸ் அடுப்ப அணைச்சனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போவாருங்க. கதவப் பூட்டிப்போட்டுப் பாதித் தூரம் போயித் திரும்பி வருவாரு. பையனுக்குக் காய்ச்சல் மருந்து ஊத்தறதுக்குக்கூட, நீயே ஊத்து, நான் ஊத்துனா ஊத்தாம ஊத்துனேன்னு சொல்லிப்போடுவேன்ங்கறாரு."

"மொதல்ல போட்டேன் போட்டேன்னுதான் சொன்னனுங்க" என்றார் அவர். "எல்லாரும் போடலைன்னாங்க. ஃபைலத் தொறந்து காட்டுனாங்க, வரியக் காணோம். நீங்களும் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. செரி, படிச்சவங்க சொல்றாங்க, நாமதான் மறந்துட்டமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

நான் அவருடைய வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துப் போயிருந்தேன். அவருடைய கையின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையையே பறித்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "ஃபைலைத் தப்பாப் படிச்ச பார்சரை எழுதினது நான். தொறந்து பாக்காம ரிப்போர்ட் எழுதினதும் நான். மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வரலை."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததற்கு நன்றி. சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். வரியை இன்னொருமுறை விரல் வைத்துப் படித்தார். பிறகு, "காப்பி குடிங்க. வெளிய நிக்கறாரே, அவரையும் கூப்புடுங்க" என்றார்.

காப்பி வந்தபிறகு ஒன்று கேட்டேன். மற்றதெல்லாம் ஸ்பேஸில் இருக்க, இந்த வரிக்கு மட்டும் ஏன் டேப்?

"ஸ்பேஸ் கட்ட அமுங்காதுங்களே மேடம். குஞ்சு பொரியற எடமுங்க. குஞ்சு மேல இருக்கற பூ முடி பஞ்சாட்டம் பறந்துட்டே இருக்கும். அகலமான கட்டைக்கு அடியில போயி அடச்சுக்கும். நாலு தட்டுனா ரெண்டு விழுவும், இல்லைன்னா ஆறு விழுவும். டேப்பு சின்னக் கட்ட, ஒழுங்கா வேலை செய்யும். எல்லா ஹேச்சரியிலயும் அப்படித்தானுங்க."

இந்த டைரியில் இரண்டு வாரம் முன்னால் அலட்சியம் என்று எழுதியிருக்கிறேன். அடிக்காமல் விட்டுவைக்கிறேன், கண்ணில் படட்டும். எட்டு வருடத்தில் ஒருநாளாவது குஞ்சு பொரிக்கும் அறைக்குள் போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நான் போட்ட புது விதி அப்படியே போயிருந்தால், முப்பத்தொரு பேரும் அமுங்காத கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

"இனிமே பார்சரைக் கறாராக் கேக்க வெக்கலாம்னு இருக்கறோம். தப்பா இருந்தா ஃபைலை ஏத்துக்காது" என்றேன்.

"கேக்கட்டுமுங்க. ஆனா எந்த வரின்னு சொல்லோணும். என்ன தப்புன்னும் சொல்லோணும். வாயே தொறக்காம இருக்கறதுதானுங்க மோசம்."

ஜூன் 24, செவ்வாய்

விதியை மாற்றிவிட்டேன். டேப்புக்குத் தடை இல்லை. ஒரு ஃபைல் முழுக்க டேப்பாக இருக்கட்டும், அல்லது முழுக்க ஸ்பேஸாக இருக்கட்டும். கலக்கக்கூடாது. கலந்தால் ஊகிக்காது. ஃபைலை ஏற்காமல், எந்த வரி, என்ன தப்பு, இப்போது எந்த அளவில் இயந்திரம் ஓடுகிறது என்று தமிழில் சொல்லிவிட்டு, திருத்தும்வரை பஸ்ஸர் அடிக்கும். ஒரே ஒரு பட்டனும் வைத்தேன். அமுக்கினால் ஃபைல் முழுவதும் டேப்பாக மாறும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு வரியும் யாருக்குச் சொந்தம் என்று படம்போலக் காட்டிச் சரியா என்று கேட்கும்.

பழைய பார்சரில் ஊகிக்கிற பகுதி எழுபது வரி. அழித்தேன். ஒரு காலத்தில் அந்த எழுபது வரிகளில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

ஜூன் 26, வியாழன்

நவநீதன் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் கேட்டவர் ஆறு நாள் எடுத்துக்கொண்டார். நான் எழுதியிருந்ததில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கீழே 'பழைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறோம்' என்று தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

"நேத்து அந்த ஃபைலை நானே தொறந்து அரை மணி நேரம் பாத்தேங்க்கா" என்றார். "எங்கண்ணுக்கும் சரியாத்தான் தெரிஞ்சுது."

இவருக்கு நான் நிறைய நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இதுதான் பெரியது.

ஜூலை 1, செவ்வாய்

லெட்டர் கைக்குக் கிடைத்ததும் செங்காட்டு முதலாளி போன் செய்து பத்து நிமிடம் திட்டினார். ஒரு வார்த்தையும் தப்பில்லை. கடைசியில் குரல் இறங்கி, "அவன் என்ர ஊட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முன்னால நின்னு வேலை செஞ்சவனுங்க மேடம். எல்லார் முன்னாலயும் வெச்சு வெளிய போடான்னுட்டேன். நானே போயிப் பாக்கறேன்" என்றார்.

புதுக் கம்பெனிக்காரர்கள், லெட்டர் விஷயத்தை நவநீதன் சொன்னதும், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீசில் சிரிப்புக் குறைந்திருக்கிறது. என்னால்தான்.

ஜூலை 7, திங்கள்

செங்காட்டு முதலாளி நேரில் போய்ப் பழையபடி வேலைக்கு வரச் சொன்னாராம். சென்னியப்பன் போன் செய்து சொன்னார். "வந்தாருங்க, கையப் புடிச்சுக்கிட்டாரு. ஆனா அங்க போக மனசு வரலீங்க. லெட்டர மட்டும் வாங்கிக்கிட்டேன். உடுமலப்பேட்டப் பக்கம் ஒரு ஹேச்சரியில காட்டுனேன், வரச் சொல்லிட்டாங்க. அங்கயும் உங்க சாஃப்ட்வேர்தானுங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. அவருக்கும் பயமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

புதுப் பார்சர் முப்பத்துநான்கு ஹேச்சரிக்கும் போய்விட்டது. காலையிலிருந்து போன். "நேத்து வரைக்கும் ஓடுச்சுங்களே" என்று பதினேழு பேர். எல்லோருக்கும் பட்டனைச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர்கூட மிச்சமில்லாமல் மாறிவிட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது. லூர்துராஜ் மிளகுப்பால் வைத்துக் கொடுத்தார். நன்றி.

ஜூலை 15, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"மேடம், சென்னியப்பன் பேசறனுங்க. பஸ்ஸர் அடிச்சுதுங்க."

எழுந்து நின்றுவிட்டேன். "என்னங்க ஆச்சு? மெஷின் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க, ஓடுதுங்க. மூணாம் மெஷினுக்குக் கடைசி நாள் வரி போட்டேன். ஏத்துக்கல. இருங்க, படிக்கறேன். 'நாற்பத்திரண்டாம் வரியில் ஸ்பேஸ் இருக்கிறது. இந்த ஃபைலின் மற்ற வரிகள் டேப்பில் உள்ளன. உங்கள் மாற்றம் ஏற்கப்படவில்லை, பழைய சூட்டிலேயே ஓடுகிறது. திருத்திச் சேமிக்கவும்.' அப்படீன்னு போட்டிருக்குதுங்க."

"நீங்க ஸ்பேஸ் போட்டீங்களா?"

"இங்க கீபோர்டு புதுசுங்க, ஸ்பேஸ் கட்ட நல்லா அமுங்குது. அந்த ஆசையில தட்டிப்போட்டேன். போயிப் பாத்தேன், நாப்பத்திரெண்டாம் வரி, நாலு ஸ்பேஸு, அப்படியே இருக்குது." சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "இந்தத் தப்பு என்னுதுதானுங்க மேடம். நல்லாத் தெரியுதுங்க. நாந்தான் பண்ணியிருக்கறேன்."

"திருத்திட்டீங்களா?"

"அப்பவே திருத்தியாச்சுங்க. ஏத்துக்கிடுச்சு. சூடு எறங்குது, முன்னாடி நின்னு பாத்துட்டுத்தான் பேசறேன். உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு. வெச்சர்றனுங்க, முட்டை ஏத்தற வேலை கெடக்குது."

வைத்துவிட்டார். டப்பா திறந்தபடியே இருக்க, நான் உட்கார்ந்து அழுதேன். மறைக்கவும் இல்லை.

நவநீதன் கதவருகே வந்து நின்றார். "என்னக்கா, எங்காச்சும் ஃபைல் விழுந்துருச்சுங்களா?"

"விழுந்துருச்சுங்க" என்றேன். "ஆபரேட்டர் தப்பு."